புள்ளிக்கு முளைத்த பற்கள்

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டு வாசலில் மாட்டுவதற்காக ‘செந்தமிழ் இல்லம்’ என்று ஒரு பெயர்ப்பலகை கேட்டிருந்தார். ரப்பர் மரப் பலகையில் லேசர் கொண்டு பொறித்து, மெழுகு தேய்த்து, பழந்துணியில் சுற்றி, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, “தம்பி, எழுத்தெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் புள்ளி ஏன் உருண்டையாக இல்லை? இரண்டு பக்கமும் பல் முளைத்த மாதிரி இருக்கிறதே” என்றார்.

அந்தப் பெயரில் நான்கு மெய்யெழுத்துகள் இருக்கின்றன. நான்கின் தலையிலும் இருந்த புள்ளிகள், அவர் சொன்ன பிறகு பார்க்கும்போது, வட்டமாக இல்லாமல் கிடைமட்டமாக இழுபட்டு, இடமும் வலமும் சீப்பின் பற்களைப் போலக் கோடு கோடாக நீண்டிருந்தன. பெரிய எழுத்துகளிலும் அதே பற்கள் இருந்தன. ஆனால் ‘செ’ போன்ற அகன்ற எழுத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிசிறு கண்ணில் படுவதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள புள்ளியில் அது மறையாது. “வேறு செய்து தருகிறேன் ஐயா” என்று சொல்லிப் பலகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் புதிதாக இறங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வாரம் முழுவதையும் நான் தவறான இடத்தில் செலவழித்தேன். பிசிறு என்றால் அதிகம் எரிகிறது என்று நினைத்துத் திறனைக் குறைத்தேன். எழுத்து வெளிறியது, பற்கள் அப்படியே இருந்தன. திறனை ஏற்றி வேகத்தையும் ஏற்றினேன். எழுத்து கறுத்தது, பற்கள் இன்னும் நீண்டன. மென்பொருளில் வேகம், திறன் என்ற இரண்டு பெட்டிகள்தாம் முதலில் கண்ணில் படுகின்றன. பிறரிடம் கேட்டாலும் அந்த இரண்டு எண்களைத்தான் சொல்கிறார்கள். “ரப்பர் மரத்துக்கு 6000 வேகம், 40 சதவீதம் பவர்” என்று ஒருவர் சொல்லும்போது, அவருடைய இயந்திரத்தில் அந்த 6000 உண்மையில் 6000தானா, அந்த 40 உண்மையில் 40தானா என்பதை நாம் கேட்பதில்லை. என் இயந்திரத்தில் இரண்டுமே உண்மையாக இல்லை.

என்னிடம் இருப்பது 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீல ஒளி தரும் டயோடு லேசர். அதன் ஒளித்திறன் 10 வாட். மரம், தோல், அட்டை, ஓலை ஆகியவை நீல ஒளியை நன்றாக உறிஞ்சிக் கருகும். நிறமற்ற அக்ரிலிக்கோ அதை உள்ளே விட்டுவிடும். அதை வெட்டுவதற்கு 10,600 நானோமீட்டரில் ஒளிரும் கரியமில வாயு லேசர்தான் வேண்டும். லேசர் முனை ஒரு தண்டவாளத்தின் மேல் இடவலமாக ஓடுகிறது. அந்தத் தண்டவாளம் முன்னும் பின்னும் நகர்கிறது. இவற்றை ஓட்டும் சிறிய போர்டில் இருப்பது ஜிஆர்பிஎல் என்னும் திறந்த மூல நிரல். நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கிவைத்த இந்த நிரல், மரத்தையும் உலோகத்தையும் சுழலும் உளியால் செதுக்கும் இயந்திரங்களுக்காக எழுதப்பட்டது. லேசருக்கான தனிப் பயன்முறை அதன் 1.1 பதிப்பில்தான் வந்தது. இந்த வரலாறு தெரிந்தால்தான் அதன் அமைப்புப் பெயர்கள் புரியும்: அந்த உளி சுழலும் வேகத்துக்காக வைத்த எண்தான் இன்று லேசரின் திறனுக்கான எண்ணாக இருக்கிறது.

அந்த எண்ணில்தான் என் முதல் பிழை இருந்தது. ஜிஆர்பிஎல்லில் $30 என்ற அமைப்பு, முழுத் திறன் என்பது எந்த எண் என்று போர்டுக்குச் சொல்கிறது. வழக்கமாக அது 1000. நான் பயன்படுத்தும் லைட்பர்ன் மென்பொருளிலும் அதற்கு இணையாக எஸ் உச்ச மதிப்பு என்ற ஒரு பெட்டி இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மென்பொருள் 1000 என்றும் போர்டு 255 என்றும் வைத்திருந்தால், நாம் 26 சதவீதம் என்று கேட்கும்போதே மென்பொருள் 260 என்று அனுப்பும். போர்டுக்கு அது முழுத் திறனையும் தாண்டிய எண். அதற்கு மேல் 40 என்றாலும் 90 என்றாலும் பலகையில் ஒரே கருமைதான் விழும். எனக்கு இதுவே நடந்திருந்தது. இயந்திரத்தை விற்றவர் போர்டை மாற்றிக் கொடுத்தபோது புதிய போர்டில் 255 என்று இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. எட்டு மாதங்களாகப் பெரும்பாலான வேலைகளை முழுத் திறனில் எரித்துக்கொண்டு, கருமையை வேகத்தால் மட்டும் கட்டுப்படுத்தி வந்திருக்கிறேன். தலைகீழான பிழையும் உண்டு: மென்பொருளில் 255, போர்டில் 1000 என்று இருந்தால், 100 சதவீதம் கேட்டாலும் கால்பங்குக்குச் சற்று மேல்தான் கிடைக்கும், லேசர் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதிய முனை வாங்குவோர் இருக்கிறார்கள். மென்பொருளில் கட்டளைகளைத் தட்டும் கன்சோல் பகுதியில் $$ என்று அடித்தால் போர்டு தன் அமைப்புகளை எல்லாம் வரிசையாகக் காட்டிவிடும். இயந்திரம் வாங்கிய நாளிலேயே அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அதே பட்டியலில் $32 என்பது லேசர் பயன்முறை. அது 1 ஆக இருக்க வேண்டும். 0 என்று இருந்தால் போர்டு தன்னைச் செதுக்கும் இயந்திரம் என்றே எண்ணிக்கொண்டு, திறன் மாறும் ஒவ்வோர் இடத்திலும் உளி வேகம் பிடிக்கட்டும் என்று ஒரு கணம் நின்று போகும். அந்தக் கணத்தில் லேசர் எரிந்துகொண்டே இருக்கும். $110, $111 என்ற இரண்டும் இரு அச்சுகளுக்குமான உச்ச வேகங்கள். இவையும் சத்தமில்லாமல் ஏமாற்றும். என் இயந்திரத்தில் உச்சம் நிமிடத்துக்கு 6000 மி.மீ. நான் 8000, 10,000 என்று சோதனைக் கட்டங்கள் பொறித்து, கடைசி மூன்று பத்திகளும் ஏன் ஒரே நிறத்தில் இருக்கின்றன என்று ஒரு மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். திரையில் நாம் எவ்வளவு எழுதினாலும் போர்டு 6000இலேயே நின்றுவிடுகிறது. அதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் வருவதில்லை.

இவற்றைத் திருத்திய பிறகு திறன் திறனாகவும் வேகம் வேகமாகவும் இருந்தன. புள்ளியின் பற்கள் மட்டும் அப்படியே இருந்தன. இரண்டாவது வாரம் அதற்காகவே போனது.

எழுத்தின் உட்பகுதியை நிரப்பும்போது லேசர் முனை இடமிருந்து வலமாக ஒரு வரி, வலமிருந்து இடமாக அடுத்த வரி என்று உழவன் சால் ஓட்டுவது போலத் திரும்பித் திரும்பி ஓடுகிறது. ‘இந்த இடத்தில் எரி’ என்று போர்டு சொல்வதற்கும் ஒளி உண்மையில் பாய்வதற்கும் இடையே மிகச் சிறிய தாமதம் உண்டு. நிமிடத்துக்கு 6000 மி.மீ. என்பது நொடிக்கு 100 மி.மீ.; அந்த வேகத்தில் ஒரு மில்லிநொடித் தாமதம் என்றால் முனை அதற்குள் 0.1 மி.மீ. நகர்ந்துவிடும். வலப்புறம் போகும்போது கோடு 0.1 மி.மீ. வலப்புறம் தள்ளி விழுகிறது. திரும்பி வரும்போது 0.1 மி.மீ. இடப்புறம் தள்ளி விழுகிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு இடையே 0.2 மி.மீ. விலகல். ஒற்றைப்படை வரிகள் எல்லாம் ஒரு பக்கம், இரட்டைப்படை வரிகள் எல்லாம் மறுபக்கம் என்று விலகினால், விளிம்பில் தோன்றுவது சீப்பின் பற்கள்தாம்.

இதற்கும் திறனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே திசையில் மட்டும் எரிக்கும்படி அமைத்தால் பற்கள் மறைந்துவிடும். ஆனால் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஆனாலும் இது ஒரு நல்ல சோதனை. ஒரே திசையில் பொறித்துப் பிசிறு போனால், நோய் திசை மாறுவதில் இருக்கிறது என்று உறுதியாகிறது.

விலகலுக்குக் காரணம் இன்னொன்றும் இருக்கலாம். பல்சக்கரத்தில் ஓடும் பெல்ட் தளர்ந்திருந்தால், திசை மாறும்போது முதலில் அந்தத் தளர்வு இறுகிய பிறகுதான் முனை நகரும். இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. தாமதத்தால் வரும் விலகல் வேகத்தோடு வளரும். தளர்வால் வரும் விலகல் எல்லா வேகத்திலும் ஒரே அளவாக இருக்கும். நான் ஒரு வெளிர் பலகையில் 3 மி.மீ. அகலமுள்ள செங்குத்துப் பட்டைகளை நிமிடத்துக்கு 600 முதல் 6000 வரை வெவ்வேறு வேகங்களில் பொறித்து, மேசையில் வைக்கும் சிறிய யுஎஸ்பி நுண்ணோக்கியின் கீழ் பற்களை அளந்தேன். 6000இல் விலகல் 0.34 மி.மீ., 600இல் 0.14 மி.மீ. அவ்வளவு மெதுவாகப் போகும்போதும் 0.14 இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு பெல்ட்டைச் சேர்ந்தது. பெல்ட்டை விரலால் அழுத்தினால் துணி காயப்போட்ட கொடி போலத் தொய்ந்தது. இழுத்து இறுக்கினேன், சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கும் சிறு திருகும் தளர்ந்திருந்தது, அதையும் முடுக்கினேன். மறுபடி அளந்தபோது 6000இல் 0.22, 600இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மிச்சமிருந்தது தாமதம் மட்டுமே.

அதற்கான மருந்து லைட்பர்னின் சாதன அமைப்புகளில் இருக்கிறது. ஸ்கேன் விலகல் திருத்தம் என்ற அட்டவணையில் வேகத்தையும் அந்த வேகத்துக்கான விலகலையும் வரிசையாக எழுதலாம். இடைப்பட்ட வேகங்களுக்கு மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். அளந்த விலகலில் பாதியைத்தான் அங்கே எழுத வேண்டும் என்பதை மறக்கக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு திசைக்கும் பாதிதான் சேர்ந்திருக்கிறது. 6000க்கு 0.11, 3000க்கு 0.055, 1500க்கு 0.03 என்று எழுதினேன். அதே பட்டைகளை மீண்டும் பொறித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது விளிம்பு கத்தியால் கீறியது போல நேராக இருந்தது. நான் இந்தத் தொழிலில் பார்த்த மிக அழகான கோடு அது என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு அமைப்பு ஓவர்ஸ்கேன். முனை வரியின் முடிவில் நின்று திரும்ப வேண்டும். நிற்பதற்கும் மீண்டும் வேகம் பிடிப்பதற்கும் தூரம் வேண்டும். அந்தத் தூரம் எழுத்துக்கு உள்ளேயே அமைந்தால் எழுத்தின் ஓரங்கள் அதிகம் கருகும். வேகத்தின் இருபடியை முடுக்கத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தத் தூரம் கிடைக்கும் என்று பள்ளியில் படித்தது இங்கே நேராக உதவுகிறது. என் போர்டில் $120 என்ற முடுக்கம் நொடிக்கு நொடி 500 மி.மீ.; நொடிக்கு 100 மி.மீ. வேகத்துக்கு 10 மி.மீ. தேவை. மென்பொருள் தொடக்கத்தில் கொடுத்திருந்த 2.5 சதவீத ஓவர்ஸ்கேன் அந்த வேகத்தில் 2.5 மி.மீ. மட்டுமே ஓடவிடும். 10 சதவீதம் என்று மாற்றினேன். அதனால் பலகையின் இருபுறமும் முனை வெறுமனே ஓட ஒரு சென்டிமீட்டர் இடம் விட வேண்டியிருக்கிறது. இயந்திரத்தின் எல்லையை ஒட்டிப் பலகையை வைத்தால் எல்லை மீறல் என்று சொல்லி நின்றுவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் தேவையான தூரம் கால்பங்காகிவிடும் என்பதால், சிறிய வேலைகளுக்கு நான் பெரும்பாலும் 3000ஐத் தாண்டுவதில்லை.

வரி இடைவெளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எல்லோரும் சிறிய எண் என்றால் நேர்த்தி என்று நினைக்கிறார்கள். 0.1 மி.மீ. இடைவெளி என்பது ஓர் அங்குலத்துக்கு 254 வரிகள். என் லேசர்ப் புள்ளியின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். இடைவெளியை 0.05 ஆக்கினால் ஒவ்வோர் இடமும் இரண்டு முறை எரியும். படம் கூர்மையாகாது, பள்ளம் ஆழமாகும், நேரமும் இரட்டிப்பாகும். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. என் இயந்திரத்தின் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்டது. மோட்டாரை ஓட்டும் இயக்கிச் சில்லு ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிக்கிறது. 20 பற்கள் கொண்ட சக்கரம், 2 மி.மீ. பல்லிடைவெளி கொண்ட பெல்ட்டை ஒரு சுற்றில் 40 மி.மீ. நகர்த்துகிறது. ஆக 3200 படிகளுக்கு 40 மி.மீ.; மில்லிமீட்டருக்கு 80 படிகள். 0.1 மி.மீ. என்பது சரியாக 8 படிகள். 0.08 என்று எழுதினால் 6.4 படிகள்; அரைகுறைப் படியில் நிற்க முடியாத மோட்டார் ஒருமுறை 6, இன்னொருமுறை 7 என்று நகரும். பெரிய நிரப்புப் பரப்பில் அது மெல்லிய பட்டைகளாகத் தெரிந்துவிடும். நெருக்கமாக வேண்டும் என்றால் 7 படிகளுக்குரிய 0.0875 அல்லது 6 படிகளுக்குரிய 0.075 என்று எழுதுவதே நல்லது. மில்லிமீட்டருக்கு எத்தனை படிகள் என்று சொல்லும் $100, $101 எண்களை உங்கள் இயந்திரத்தில் பார்த்து உங்களுக்கான பெருக்கல் வாய்ப்பாட்டை ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் திறன், வேகம் என்ற அந்த இரண்டு பெட்டிகளுக்கு அர்த்தம் வருகிறது. ஒரு சதுர மில்லிமீட்டரில் எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்று கணக்கிடலாம்: 10 வாட்டில் 40 சதவீதம் 4 வாட்; நொடிக்கு 100 மி.மீ. வேகமும் 0.1 மி.மீ. இடைவெளியும் சேர்ந்து நொடிக்கு 10 சதுர மி.மீ.; ஆகச் சதுர மில்லிமீட்டருக்கு 0.4 ஜூல். திறனையும் வேகத்தையும் பாதியாக்கினால் கணக்கில் அதே 0.4தான் வரும். மரத்திலோ அப்படி வருவதில்லை. மெதுவாகப் போனால் வெப்பம் பக்கவாட்டில் பரவ நேரம் கிடைக்கிறது. எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிழல் படிகிறது. வேகமாக, அதிகத் திறனில் போனால் மேற்பரப்பு மட்டும் சட்டென்று கருகி விளிம்பு சுத்தமாக நிற்கிறது. அதனால்தான் கணக்கோடு சோதனைக் கட்டமும் வேண்டும். மென்பொருளே வேகத்தை ஒரு பக்கமும் திறனை மறுபக்கமும் வைத்துச் சிறு சதுரங்களைப் பொறிக்கும் வசதியைத் தருகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கட்டம் பொறித்து, துளையிட்டு, கயிற்றில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். ரப்பர் மரம் வெளிர் நிறம் என்பதால் குறைந்த ஆற்றலிலேயே எழுத்து பளிச்சென்று தெரிகிறது. தேக்கில் எண்ணெய்ப் பசையும் இயல்பான பழுப்பும் இருப்பதால் அதே அளவுக்குக் கருமை எடுபடுவதில்லை. ஆழமாக எரிக்க வேண்டும். மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை சீராக எரியும், ஆனால் அதிலுள்ள பசையின் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

புகை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 450 நானோமீட்டருக்கு என்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த ஒளியின் அருகில் நிற்காதீர்கள். பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒளியே கண்ணுக்கு ஆபத்து. பிவிசி கலந்த ரெக்சினை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் ஒருங்கே அரிக்கும். வாடிக்கையாளர் ‘தோல்தான்’ என்று சொல்லிக் கொடுப்பதை எல்லாம் நம்பி எரித்துவிடக் கூடாது. இயந்திரம் ஓடும்போது அறையை விட்டு வெளியே போகவும் கூடாது.

மூன்றாவது வாரம் எழுத்துருவுக்குப் போனது. இயந்திரம் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து பெயர்ப்பலகையை மறுபடி பொறித்தபோது, ‘மி’யில் மேல்நோக்கி வளையும் இகரக் குறியான விலங்கு, மகரத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று எரியாமல் கிடந்தது. தமிழ் எழுத்துருக்களில் எழுத்தும் உயிர்க்குறியும் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். திரையில் அது தெரியாது. ஆனால் ஒரே அடுக்கில் இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால், நிரப்பும்போது மென்பொருள் அந்தப் பொதுப் பகுதியை ஓட்டை என்று எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலப் பெயர்கள் மட்டும் பொறிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அரிதாகத்தான் வரும், அதனால் யாரும் சொல்லித் தருவதும் இல்லை. நான் இப்போது எல்லாத் தமிழ் வரிகளையும் இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துகள் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று பார்த்து, அவற்றைப் பாதைகளாக மாற்றி, யூனியன் கொடுத்து ஒன்றாக்கிய பிறகே எஸ்விஜி கோப்பாக லைட்பர்னுக்குக் கொண்டுபோகிறேன். அதன் பிறகு எழுத்துருப் பிரச்சினை என்று எதுவும் வந்ததில்லை.

புதிய பலகையை ஆசிரியரிடம் கொடுத்தபோது அவர் புள்ளிகளைத்தான் முதலில் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்தார். வாசலில் மாட்டி முடித்துத் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த வேலையைச் சொன்னார். பேத்தியின் காதணி விழாவுக்கு வருபவர்களுக்குப் பனை ஓலை நறுக்கில் குழந்தையின் பெயரைப் பொறித்துத் தர முடியுமா என்று கேட்டார். “ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள் தம்பி. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் லேசர் பொத்தாமல் புள்ளி வைக்குமா?” என்றார்.

முதல் நறுக்கில் வைக்கவில்லை. நேரம் மிச்சமாகும் என்று எழுத்தை நிரப்பாமல் கோடாக வரையும் முறையில் ஓட்டினேன். எழுத்துகள் நூல் போல அழகாக வந்தன, புள்ளி இருந்த இடத்தில் ஊசித்துளை விழுந்து மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. எழுத்தாணிக்கு நேர்ந்த அதே கதிதான் லேசருக்கும். காரணத்தைத் தேடியபோது நிலைத்த திறன், மாறும் திறன் என்ற இரண்டு கட்டளைகளில் போய் நின்றேன். எம் 3 என்ற கட்டளையில் முனை எவ்வளவு மெதுவாகப் போனாலும் திறன் மாறாது. எம் 4இல், முனை மெதுவாகும்போது போர்டு அதே விகிதத்தில் திறனையும் குறைக்கும், நின்றால் அணைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் வட்டத்தைச் சுற்றும் முனை, கேட்ட வேகத்தை எட்டுவதற்குள் வட்டம் முடிந்துவிடுகிறது. என் கோட்டு அடுக்கில் நிலைத்த திறன் என்று தேர்வாகியிருந்ததால், மெதுவாகச் சுற்றிய இடத்தில் முழு வெப்பமும் இறங்கி ஓலை பொத்திருக்கிறது. ‘ட’கரத்தின் மூலைகள் ஏன் எப்போதும் மற்ற இடங்களைவிடக் கருத்திருந்தன என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மாறும் திறனுக்கு மாற்றினேன். துளை நின்றது, ஆனால் இப்போது புள்ளி ஒருபக்கம் மங்கலாக, முழுமை பெறாத வளையமாக வந்தது. தொடக்கத்தில் வேகம் மிகக் குறைவு என்பதால் திறனும் ஓலையில் தடம் பதிக்கத் தேவையான அளவுக்குக் கீழே போய்விடுகிறது. கோட்டு முறையை விட்டுவிட்டு, மாறும் திறனிலேயே நிரப்பு முறைக்கு வந்தேன். நிரப்பும்போது புள்ளியும் எழுத்தும் முனைக்கு ஒன்றுதான். அது ஒரே வேகத்தில் நறுக்கைக் கடந்து போகிறது, எரிய வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி பாய்கிறது. ஓலை நெளிந்திருந்தால் குவியம் மாறிவிடும் என்பதால், இரண்டு நாள் புத்தகங்களுக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கி, இரு முனைகளிலும் காந்தம் வைத்து இரும்புத் தகட்டோடு பிடித்தேன். எரியும் இடத்தில் காற்று வீசும் காற்றூதியை மிக மெல்லியதாக வைத்தேன். பலமாக வைத்தால் நறுக்கு துடிக்கிறது. வேகம் 6000, இடைவெளி 0.1, ஓவர்ஸ்கேன் 10 சதவீதம். திறனை 30 சதவீதத்திலிருந்து இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். 20இல் பின்புறத்தில் பழுப்பு நிழல் தெரிந்தது. 16இல் அது தேய்ந்தது. 14இல் எழுத்து காப்பிக்கொட்டை நிறத்தில் தெளிவாக நின்றது. பெயரின் இறுதியில் இருந்த ‘ள்’ளின் புள்ளி, கடுகளவு, நல்ல உருண்டையாக இருந்தது. காந்தத்தை எடுத்துவிட்டு நறுக்கைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பின்புறத்தில் ஓலையின் நரம்புகள் மட்டுமே தெரிந்தன.